அரிசிதான் இருக்கே, அப்புறம் என்ன கஷ்டம்?

வாசகர் கேள்வி-பதில்: குளூட்டன் இல்லாத முதல் வாரங்கள்

போன இதழில் எனக்கு சீலியாக் வந்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆறு வருஷம் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 6.8-ஐத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, எண்டோஸ்கோப்பி போட்டு, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, 2011-ல் பெயர் சொன்னார். அப்போது எனக்கு 43 வயது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பு தன் குடலையே தாக்கிக்கொள்ளும். மருந்து கிடையாது. சாப்பாடுதான் மருந்து.

அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரி: “நமக்கென்ன, அரிசிதானே சாப்பிடுகிறோம்?” மீதிக் கடிதங்கள் சமீபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதியவை. இந்த இதழ் அவர்களுக்கு. நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவள். மாத்திரை, பரிசோதனை எல்லாவற்றுக்கும் உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். அடுப்படிக்கு மட்டும் என்னைக் கேளுங்கள்.

*

வயது 27. மூன்று வாரத்துக்கு முன்னால் சீலியாக் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பரோட்டா, ரவை, பிரெட், பிஸ்கட் எதையும் தொடவில்லை. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், படுக்கும்போது ஒரு டம்ளர் பால். இருந்தும் வயிறு உப்புகிறது, வாரத்தில் நாலு நாள் பேதி. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ? ஒரு வாரமாக எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது.
வாசகி, திண்டுக்கல்

டாக்டரை விடுங்கள், தங்கச்சி. நீங்கள் எழுதிய மெனுவிலேயே மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பிடிப்போம்.

முதல் ஆள் ரசத்தில். எழுந்து போய் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று போட்டிருக்கும். அசல் பெருங்காயத்தின் நெடியை யாராலும் தாங்க முடியாது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்பார்கள். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை மாவு, அல்லது மைதா. தூளில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், கட்டியாக வருவதிலும் உண்டு. நான் இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. நாலு மாதமும் பத்தியம் என்று சொல்லிக்கொண்டு தினம் ரசம் குடித்தேன், வயிறு சரியில்லாத நாளில் இன்னொரு சிட்டிகை கூடவே போட்டுக்கொண்டேன்! லீவுக்கு வந்த என் அக்கா மகள் டப்பாவை வாய்விட்டுப் படித்த அன்றுதான் தெரிந்தது. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ‘லேபிளைப் படி’ என்று ஆய்வுக்கூடத்தில் கத்தியவள் நான். இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, குளூட்டன் இல்லை என்று போட்டே விற்கிறார்கள். அது கிடைக்கும்வரை பெருங்காயம் இல்லாமல் பூண்டு ரசம் வையுங்கள். கடையில் வாங்கிய சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் மூன்றையும் அதே கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

இரண்டாவது ஆள் இடியாப்பத்தில். மாவு வீட்டில் அரைத்ததா, மெஷினில் கொடுத்து அரைத்ததா என்று எழுதவில்லை. மெஷின் என்றுதான் நினைக்கிறேன். நம் ஊர் மாவு மெஷின்காரர் மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருப்பார். அரிசியில் காரம் ஏறினால் சண்டைக்கு வந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அரிசி, கேழ்வரகு, கோதுமை மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே மெஷின்தான். உங்களுக்கு முன்னால் நின்றவர் சம்பா கோதுமை அஞ்சு கிலோ அரைத்துக்கொண்டு போயிருந்தால், கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு உங்கள் தூக்கில்தான் விழும். எவ்வளவு வந்துவிடும் என்கிறீர்களா? ஒரு கணக்கு சொல்கிறேன். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு பிரெட் துண்டில் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். நாற்பதில் ஒரு பங்கு போதும், கண்ணுக்குத் தெரியாத துகள்தான் அது. இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடை புதிதாக இருக்கட்டும். பழைய சல்லடையின் கண்களில் மைதா இருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது.

மூன்றாவது ஆள் அந்த ஒரு டம்ளர் பால். இவர் குற்றவாளி இல்லை, சூழ்நிலைக் கைதி. குடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த விரல் நுனியில்தான் சுரக்கிறது. சீலியாக்கில் முதலில் மழுங்குவதே நுனிதான். குடல் தேறும்வரை பால் உப்புசமும் பேதியும் தருவது பலருக்கு நடக்கிறது. சில வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் நிரந்தரமாகப் போய்விடாது. எனக்கு ஆறாவது மாதம் காபி திரும்பியது, அன்று என் வீட்டுக்காரர் டிகாக்‌ஷன் போட்ட விதத்தைப் பார்த்திருந்தால் கல்யாண நாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அழுகையைக் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடல் மாதக்கணக்கில், ஒருவேளை வருஷக்கணக்கில், இரும்பையும் பி12-ஐயும் சரியாக உறிஞ்சவில்லை. அவை குறைந்தாலே உடம்பு சோர்ந்து மனசு தளும்பும். அந்த அளவுகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றபடி, அழுதால் அழுங்கள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

*

சப்பாத்தி சுடும் கல்லிலேயே மருமகளுக்குத் தோசை சுடலாமா? நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் சுடுகிறேன்.
மாமியார், சேலம்

கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு, அம்மா. வேண்டாம். இரும்புக் கல் எண்ணெயையும் மாவையும் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால்தான் பழகிய கல்லில் தோசை அழகாக எழும்புகிறது. அந்தப் பழக்கம்தான் இங்கே வினை. மருமகளுக்கு ஒரு புதுக் கல், ஒரு தோசைத் திருப்பி, ஒரு மரக்கரண்டி, ஒரு சல்லடை, முடிந்தால் ஒரு இடுக்கி. இவ்வளவு தனியாக இருந்தால் போதும். எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும், தனித் தட்டு வேண்டாம். தனித் தட்டு வைத்தால் சாப்பிடுகிறவளுக்குத் தீட்டுக்காரி மாதிரி இருக்கும்.

சப்பாத்தி மாவு பிசையும் நேரத்தில் பக்கத்தில் அவள் சாப்பாடு திறந்து கிடக்க வேண்டாம். மாவு பறக்கும். எங்கள் வீட்டில் என் மாமனாருக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்திதான் என்று முப்பது வருஷச் சட்டம். அவருக்காக மேடையின் இடது பக்கத்தை ஒதுக்கினோம். அவரே ஒரு நாள் “எதுக்கும்மா இத்தனை ஆர்ப்பாட்டம், எனக்கும் கம்பு தோசையே ஊத்திடு” என்றார். சப்பாத்தியால்தான் சர்க்கரை அடங்குகிறது என்று அவர் நம்பிய காலம் போயிற்று.

*

தில்லியில் வேலை. ஏழு வயதுப் பையனுக்குப் போன மாதம் சீலியாக் உறுதியானது. வளர்த்தியே இல்லாமல் இருந்தான். இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தையும் பராத்தாவும் பூரியும் கொண்டுவருகின்றன. பிறந்தநாள் என்றால் கேக். அவன் டிபன் டப்பாவை மறைத்து வைத்துச் சாப்பிடுகிறான் என்று டீச்சர் சொன்னார். ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.
தகப்பனார், புது தில்லி

அவசரப்படாதீர்கள், தம்பி. இந்த ஒரு நோய்க்கு மட்டும் நம் ஊரைவிட உங்கள் ஊர் தேவலை. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரம் பேரில் ஒருவருக்குமாக சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தது. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், அங்கே நாளைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோதுமை சாப்பிடுகிறார்கள், இங்கே ஒரு கைப்பிடி. அதனால் அங்கே குழந்தை டாக்டர்களுக்குப் பழகிய நோய். கடைக்காரருக்கும் தெரியும். இங்கே நான் ஓட்டலில் ‘குளூட்டன் இல்லாமல்’ என்று கேட்டால், “குளுக்கோஸா மேடம்?” என்கிறார்கள்.

டிபன் டப்பா விஷயம்தான் உங்கள் கடிதத்தில் முக்கியம். பையனுக்கு வேறு சாப்பாடு கிடைப்பது கஷ்டமில்லை, வேறு மாதிரித் தெரிவதுதான் கஷ்டம். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதைக் கொடுத்தனுப்புங்கள். மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டலாம், வெந்நீரில் பிசைய வேண்டும், ஒட்டிக்கொள்ள வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்தால் பராத்தா மாதிரியே மடங்கும். நவராத்திரி விரதத்துக்கு அங்கே ‘கூட்டூ’ மாவில் பூரி போடுவார்கள், ‘சிங்காரா’ மாவும் கிடைக்கும். கூட்டூ ஒரு செடியின் விதை, சிங்காரா குளத்தில் விளையும் காய். இரண்டும் தானியமே இல்லை, குளூட்டனும் இல்லை. ஆனால் நவராத்திரிக் கூட்டத்தில் எந்த மெஷினில் அரைத்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆகவே மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவதை வாங்காமல், குளூட்டன் இல்லை என்று அச்சடித்த பாக்கெட்டாக வாங்குங்கள். நம் நாட்டு உணவுச் சட்டப்படி அப்படி அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ‘கோதுமை இல்லை’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், உள்ளே பார்லி இருக்கலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் மால்ட் பானங்கள் எல்லாம் பார்லியும் கோதுமையும்தான். கார்ன்ஃபிளேக்ஸில்கூடச் சுவைக்கு மால்ட் சேர்ப்பதுண்டு. ராகி பிஸ்கட், சிறுதானிய பிஸ்கட் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும், பின்பக்கம் முதல் பெயரே மைதாவாக இருக்கும். பாட்டி ஊரிலிருந்து அனுப்பும் சத்துமாவிலும் கோதுமையும் பார்லியும் வறுத்துப் போட்டிருப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு வழி: வகுப்பு டீச்சரிடம் ஒரு சின்ன டப்பாவில் அவனுக்குப் பிடித்த மிட்டாயோ கடலை உருண்டையோ கொடுத்து வையுங்கள். கேக் வெட்டும்போது அவனுக்கு அது. இன்னொன்று, தேங்காய் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ரெண்டு பேருக்குச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பராத்தாக்காரப் பையன் ருசி கண்டுவிட்டால் உங்கள் பையன் டப்பாவை மறைக்க முடியாது, காப்பாற்றத்தான் வேண்டியிருக்கும்.

குழந்தைகளின் குடல் நம்மைவிட வேகமாகத் தேறும். உயரத்தை மாதா மாதம் சுவரில் கோடு போட்டு வையுங்கள், அவனுக்கே காட்டுங்கள். கடைசியாக ஒன்று, நீங்களும் உங்கள் மனைவியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும். நெருங்கிய ரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. என் தம்பிக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நான் பிடுங்கி எடுத்த பிறகு பரிசோதித்தான். இருந்தது.

*

இதெல்லாம் எங்கள் காலத்தில் இல்லாத புது நோய். பெயரே வாயில் நுழையவில்லை.
ஒரு தாத்தா, மாயவரம்

பெயர் வேண்டுமானால் நமக்குப் புதிது. சாமுவேல் ஜீ என்ற லண்டன் டாக்டர் 1888-லேயே இந்த நோயை எழுதிவைத்திருக்கிறார், சாப்பாட்டில்தான் தீர்வு இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எந்தச் சாப்பாடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோதுமைதான் என்று கண்டவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர், 1950-ல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். இடையில் அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வாழைப்பழத்தால் குணமாகிறது என்று நினைத்தார்கள், உண்மையில் ரொட்டி போகாததால் குணமானது!

நம் ஊரிலும் வயிறு ஊதி, கைகால் சூம்பி, ‘சவலை’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் இருந்தார்கள் இல்லையா, தாத்தா? அதில் எத்தனை இதுவோ.

*

யூடியூபில் ஒரு டாக்டர் கோதுமையை விடச் சொன்னார். ரெண்டு மாதமாக விட்டுவிட்டேன். நாலு கிலோ குறைந்திருக்கிறது, வயிறும் லேசாக இருக்கிறது. எனக்கும் சீலியாக்தானா? பரிசோதனை செய்துகொள்ளலாமா?
ஐ.டி. ஊழியர், கோவை

நீங்கள் கோதுமையை விட்டீர்களா, பரோட்டா, பப்ஸ், பீட்சா, டீக்கடை பிஸ்கட்டை விட்டீர்களா? அந்த நாலையும் விட்டால் யாருக்கும் நாலு கிலோ குறையும்.

பரிசோதனைக்கு வருகிறேன். இதில் ஒரு சிக்கல், முன்னாலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ரத்தத்தில் பார்ப்பது குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளப்பிய சண்டையின் தடயத்தை. எதிரி ரெண்டு மாதமாக வரவே இல்லை என்றால் தடயம் மங்கிப்போகும். நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். சரியாகத் தெரிய வேண்டுமானால் சில வாரம் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அதை வயிற்று டாக்டர் சொல்லி, அவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும். இன்னும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டு சந்தேகத்தில் இருப்பவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன்: முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு சப்பாத்தியை விடுங்கள். வரிசை மாறினால் வீண் அலைச்சல்.

‘என்னவாக இருந்தால் என்ன, விட்டுவிட்டேனே’ என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. சும்மா உப்புசத்துக்கு விட்டவர் தீபாவளிக்கு ரெண்டு சோமாசி சாப்பிடலாம். எனக்கு அந்தப் பேச்சே கிடையாது, ஆயுசுக்கும். அதோடு எலும்பு, தைராய்டு, ரத்தம் எல்லாவற்றையும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாமல் பத்தியம் இருந்தால் இதெல்லாம் விட்டுப்போகும்.

*

ரெண்டாவது வாரத்திலிருந்து மலச்சிக்கல். முன்னால் பேதியாக இருந்தது, இப்போது இப்படி.
வாசகி, காரைக்குடி

வெள்ளை அரிசியிலேயே மூன்று வேளையும் ஓடுகிறதா? அதுதான். கோதுமையோடு நார்ச்சத்தும் வெளியே போய்விட்டது. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், புண்பட்ட குடல் திணறும். வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். முதலில் வரகரிசிக் கஞ்சி, பிறகு கம்பு. முழுதாக வாங்கி, கல்லும் கலப்புத் தானியமும் பார்த்துப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டில் அரையுங்கள். கீரையும் அவரையும் தினமும். ஓட்ஸ் வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. கோதுமை வண்டியிலும் கோதுமை மெஷினிலுமே பெரும்பாலான ஓட்ஸ் வருகிறது, சிலருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது.

*

தங்கை கல்யாணம் வருகிறது. பந்தியில் உட்காராமல் இருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ‘ஒரு வாய் கேசரிதானே, ஒண்ணும் ஆகாது’ என்று பெரியம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.
வாசகி, விருதுநகர்

பெரியம்மாக்கள்! குளூட்டனைவிட இவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அன்பால் ஊட்டுகிற கையைத் தள்ள முடியாது, வாயையும் திறக்க முடியாது. “எனக்குக் குடலில் புண், டாக்டர் ஒரு வருஷம் பத்தியம் சொல்லியிருக்கார்” என்று சொல்லுங்கள். ‘குளூட்டன்’ என்றால் ஃபேஷன் என்பார்கள், ‘பத்தியம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு வருஷம் கழித்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்குள் பழகிவிடுவார்கள்.

பந்தியில் கட்டாயம் உட்காருங்கள். இலை போடட்டும். முந்தின நாள் சமையல் மாஸ்டரைத் தனியாகப் பாருங்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், ஏழு விதமான பத்தியக்காரர்களைப் பார்த்தவர்கள். பெருங்காயம் போடாதது எது என்று கேளுங்கள். அவியலில் வழக்கமாகப் போடமாட்டார்கள், தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் தயிரும்தான். பருப்பும் நெய்யும், வெறும் தயிர், பழம், எண்ணெய்ச் சட்டி தனியாக இருந்தால் நேந்திரங்காய் வறுவல். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, புளியோதரை, ஊறுகாய் ஐந்துக்கும் கை காட்டிவிடுங்கள். பாயசம் சேமியாவா பருப்பா என்று பாருங்கள். ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா, ரெண்டையும் ஒரே தட்டில் அடுக்கியிருந்தால் ஜாங்கிரியும் வேண்டாம். அதிரசம் அரிசி மாவுதான், ஆனால் பக்கத்துச் சட்டியில் என்ன பொரிந்தது என்று கேளுங்கள். பஜ்ஜி மாவில் மைதா கலப்பார்கள், பரோட்டாவும் ரவா தோசையும் போட்ட கல்லில் சாதா தோசை வேண்டாம்.

நான் இன்றுவரை கைப்பையில் ஒரு சின்னத் தூக்கில் என் ரசத்தைக் கொண்டுபோகிறேன். பரிமாறுகிறவர் ஒருமுறை முறைத்தார். “எங்க ரசம் நல்லாருக்காதுன்னு நினைச்சீங்களா?” என்றார். காரணம் சொன்னதும் அவர் மனைவிக்கும் இதே மாதிரி வயிற்றுத் தொந்தரவு என்று உட்கார்ந்து பேச ஆரம்பித்து, அடுத்த பந்தி கால் மணி நேரம் தாமதம்.

*

தினமும் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள் நான். நற்கருணை அப்பம் கோதுமை என்பதால் மூன்று வாரமாக வாங்காமல் திரும்பி வருகிறேன். மனசு கேட்கவில்லை.
வாசகி, தூத்துக்குடி

இதை என்கூட வேலை பார்த்த கத்தோலிக்க டீச்சரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அப்பம் கோதுமையாகவே இருக்க வேண்டும், குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது என்பது திருச்சபையின் விதி. வத்திக்கான் 2017-ல் அதை மறுபடி நினைவூட்டியது. ஆனால் குளூட்டன் மிகக் குறைத்துச் செய்த அப்பம் செல்லும், அப்படிச் செய்வதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. அதுவும் உங்களுக்கு ஆகுமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஆகாது என்றால் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. பங்குத்தந்தையிடம் பேசுங்கள். ஒரு நுணுக்கம்: பூசையில் குருவானவர் அப்பத்தின் ஒரு துணுக்கைத் தன் கிண்ணத்தில் இடுவார் அல்லவா? அதனால் உங்களுக்கு வேறு ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எனக்கும் இதே மாதிரி ஒரு சங்கடம் உண்டு, பெருமாள் கோயில் வாசலில். புளியோதரையில் என்ன பெருங்காயம் என்று மடைப்பள்ளிக்குள் போய்க் கேட்க முடியுமா? கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன். சர்க்கரைப் பொங்கல் என்றால் யாருக்கும் கிடையாது.

*

ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தும் நேற்று ஆபீசில் தெரியாமல் ஒரு சமோசாத் துண்டு சாப்பிட்டுவிட்டேன். ஐந்து வாரமும் வீணா?
வாசகர், சென்னை

வீணில்லை. முறிக்க மாற்று மருந்து எதுவும் கிடையாது, ‘குளூட்டனைச் செரிக்கும் மாத்திரை’ என்று விற்பவற்றை நம்பி அடுத்த சமோசாவைத் தொட்டுவிடாதீர்கள். ரெண்டு மூன்று நாள் வயிறு படுத்தும். உப்புப் போட்ட மோர், அரிசிக் கஞ்சி, தூக்கம். வாந்தி நிற்காமல் போனால் ஆஸ்பத்திரி. சிலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, அவர்கள்தான் மறுபடி மறுபடி தப்புப் பண்ணுவார்கள். ஆறு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும்போது எதிர்ப்புப் புரதத்தின் எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அது ஓரளவு சொல்லும். பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற ரெண்டு வருஷம்கூட ஆகலாம். எனக்கு ஆனது.

சமோசாவைத் தெரியாமல் சாப்பிட்டேன் என்பதை மட்டும் இந்த டீச்சர் நம்பவில்லை.

*

கனவில் பரோட்டா வருகிறது, அக்கா. நிஜமாகத்தான் சொல்கிறேன். குளூட்டன் இல்லாமல் பரோட்டா செய்ய ஏதாவது வழி இருக்கா?
கல்லூரி மாணவன், மதுரை

மதுரையில் இருந்துகொண்டு கேட்கிறாய், தம்பி, உன் கஷ்டம் புரிகிறது. சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

மாஸ்டர் உருண்டையைக் கல்லில் அறைந்து, வீசி, விசிறி, கண்ணாடி மாதிரி விரிக்கிறாரே, கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். அதை எடுத்துவிட்டால் பரோட்டா கிடையாது. அரிசி மாவு, மரவள்ளி மாவு, இசப்கோல் என்று நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். ஒரு தடவை ஓட்டுத்துண்டு மாதிரி வந்தது, ஒரு தடவை பசை. பரோட்டாவை விட்டுவிடு. சால்னாவைப் பிடித்துக்கொள். வீட்டில் வைத்த சால்னா, மைதா சேர்க்காமல் தேங்காயும் கசகசாவும் அரைத்துக் கெட்டியாக்கியது. அதற்கு ஆப்பமும் இடியாப்பமும் துணை.

எனக்குக் கனவில் வருவது திருநெல்வேலி அல்வா. அதுவும் சம்பா கோதுமைப் பாலில்தான் கிண்டுவார்கள், அதனால் அந்தக் கதவும் அடைத்தது. கார்ன்ஃபிளவர் என்கிற சோள மாவில் கிண்டுகிற பம்பாய் அல்வா இருக்கிறது, முந்திரி போட்டு, கண்ணாடி மாதிரி தளதளவென்று. சோள மாவு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு கப் மாவுக்கு மூன்று கப் சர்க்கரை. தண்ணீர் தாராளமாக விட்டுக் கரைத்து, கை விடாமல் கிண்டு. நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, மாவு சட்டியை விட்டுத் திரண்டு வந்து ஓரத்தில் நெய் கக்கும்போது இறக்கு. திருநெல்வேலி அல்வா மாதிரி இருக்காது. ரெண்டாவது தடவை கிண்டும்போது அந்த நினைப்பு வராது.